ஒரு திரையில் ஏழு பொத்தான்களுக்கு மேல் கூடாதா?

திருநெல்வேலி வட்டாரத்தில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுபவர்களிடையே, "மனித மூளை ஒரே நேரத்தில் ஏழு விஷயங்களைத்தான் தாங்கும், எனவே ஒரு திரையில் ஏழு பொத்தான்களுக்கு மேல் வைக்கக் கூடாது" என்றொரு வாட்ஸ்அப் செய்தி அறிவியல் விதி என்ற பெயரில் சுற்றி வருகிறது. இது தவறு.

உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் வெளியிட்ட கட்டுரையே இதற்கு மூலம். காதில் விழுந்த எண்களையோ சொற்களையோ உடனே திருப்பிச் சொல்லும் குறுகியகால நினைவின் எல்லையைப் பற்றி அதில் அவர் எழுதினாரே தவிர, திரை வடிவமைப்பைப் பற்றி எழுதவில்லை. (அந்த எல்லையும் ஏழல்ல, நான்கு என்ற அளவில்தான் இருக்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார்.) கண்முன் இருக்கும் பட்டியலை எவரும் மனப்பாடம் செய்வதில்லை, வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் நாகர்கோவிலுக்குப் போகிறவர், மற்ற ஊர்ப் பெயர்களை நினைவில் வைக்காமலே தம் பேருந்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

இந்த விதியை நம்பி மேலப்பாளையத்து மளிகைக் கடை ஒன்றின் திரையை ஏழு பொத்தான்களுக்குள் அடக்கினால், தினமும் விற்கும் கருப்பட்டி 'பிற பொருட்கள்' என்பதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். கூட்ட நேரத்தில் கல்லாவில் இருப்பவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதைத் திறந்து, தேடி, மறுபடி முகப்புக்குத் திரும்ப வேண்டியிருக்கும். இதற்கு எளிமை என்று பெயர் வைப்பது வேடிக்கைதான். 20 பொருட்கள் இருந்தாலும், வகைபிரித்து, அதிகம் விற்பவற்றை மேலே வைத்து, கடையில் வழங்கும் பெயரையே பொத்தானில் எழுதினால் தேடல் குறையும்.

மில்லரின் ஆய்வு பயன்படும் இடம் வேறு: முந்தைய திரையில் கண்ட பில் எண்ணை அடுத்த திரையில் நினைவிலிருந்து தட்டச்சு செய்யச் சொல்லக் கூடாது; மென்பொருளே அதைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும்.