அந்த ஒரு மன்றாட்டுக்கு மட்டும் முழங்கால் போடாத காலம்

பெரிய வெள்ளி வழிபாட்டில் பத்துப் பொது மன்றாட்டுகள் வரும். திருச்சபைக்காக, போப்பாண்டவருக்காக என்று போய், ஆறாவது யூதர்களுக்காக. ஒருசந்தி, வெயில், கால்வலி எல்லாம் சேர்ந்து அந்நேரத்துக்குப் பாதிப் பேர் மனசு கோயிலுக்கு வெளியே போயிருக்கும். என் மனசும்தான்.

போன வருசம் பக்கத்தில் இருந்த பெரியவர் வழிபாடு முடிந்ததும் சொன்னார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் பீடச்சிறுவனாக இருந்தவர். "எங்க காலத்துல மத்த மன்றாட்டுக்கெல்லாம் முழங்கால் போடுவோம் தம்பி. யூதருக்கு உள்ளதுக்கு மட்டும் போடக்கூடாது. ஏன்னு சாமியார்கிட்ட கேக்க யாருக்குத் தைரியம்?"

தேடிப் படித்தேன். லத்தீன் சடங்கில் பல நூற்றாண்டாக அப்படித்தான் இருந்திருக்கிறது. யூதர்கள் இயேசுவின் முன் கேலியாக மண்டியிட்டார்கள், அதனால் நாம் மண்டியிடுவதில்லை என்று விளக்கம் வேறு. மத்தேயு 27-ஐத் திறந்து பாருங்கள். மண்டியிட்டுக் கேலி செய்தவர்கள் ரோமை ஆளுநர் பிலாத்துவின் படைவீரர்கள். அவன் செய்ததற்கு இவன் மேல் பழி! மன்றாட்டிலேயே யூதர்களுக்கு 'பெர்ஃபிதிஸ்' என்று ஒரு லத்தீன் அடைமொழி. நம்பாதவர்கள் என்றுதான் பொருள் என மொழி அறிஞர்கள் சொல்லலாம். கேட்டவர் காதில் துரோகிகள் என்றே விழுந்தது.

முழங்காலை 1955-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் மீட்டுக் கொடுத்தார். அடைமொழியை 1959-இல் அடுத்த போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் யோவான் எடுத்தார். 1965 அக்டோபர் 28 அன்று ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பொறுப்பாக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தது. 1970 திருப்பலி நூலில் மன்றாட்டே வேறு: கடவுளின் வார்த்தையை முதலில் கேட்ட மக்கள் அவருடைய உடன்படிக்கையில் உறுதியாக வளரட்டும். யூதர்களோடு கடவுள் செய்த பழைய உடன்படிக்கை காலாவதி, பட்டா இப்போது நம் பேரில் என்று இதற்குமேல் எப்படிப் பேசுவது?

திருத்தூதர் பவுல் அப்படிப் பேசவே இல்லை. ரோமருக்கு எழுதிய மடல் 11-இல் அவர் காட்டும் ஒலிவ மரத்தைப் பாருங்கள். நம்மூரில் நாட்டு மாங்கன்றில்தான் நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டுவோம். பவுல் தலைகீழாக, நல்ல மரத்தில் காட்டுக் கிளையை ஒட்டுகிறார். இது இயற்கைக்கு மாறானது என்று அவரே சொல்லவும் செய்கிறார். நல்ல மரம் இஸ்ரயேல், அந்தக் காட்டுக் கிளை யூதரல்லாத நாம்தான். வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது, பெருமை பேசாதே என்று அதட்டுகிறார். ஒட்டுப்போட்ட கிளை வேரை வெட்டச் சொன்ன கதைதான் பிறகு நடந்தது. 1543-இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் யூதர்களின் தொழுகைக்கூடங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதியதை இன்று படித்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. சில ஜெபக்கூட்டங்களில் மேடையில் இஸ்ரேல் கொடி, கடைசிக்கால அட்டவணை, அதில் யூதர்கள் நகர்த்தும் காய்கள். இதை அன்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பவுல் பேசியது கடவுள் வாக்கு மாறாதவர் என்பதைப் பற்றி. ஓர் அரசு போடும் குண்டுகளுக்கு அது உரிமச் சீட்டு ஆகாது.

"அப்போ யூதருக்கு இயேசு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். 2015-இல் வத்திக்கான் ஆணையம் ஒன்று பதில் சொல்லப் பார்த்தது: மீட்புக்கு இரண்டு தனித்தனி வழிகள் இல்லை, யூதர்கள் கடவுளின் மீட்பில் பங்குள்ளவர்கள், கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடாமல் அது எப்படி என்பது மறைபொருள். நழுவல் என்கிறார் என் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பவுலும் மூன்று அதிகாரம் வாதாடிவிட்டு, கடவுளின் மனதை அறிந்தவர் யார் என்று கைகூப்பித்தான் முடிக்கிறார். ஆனால் 2008-இல் பழைய லத்தீன் சடங்குக்குப் பதினாறாம் பெனடிக்ட் தந்த மன்றாட்டு, யூதர்கள் இயேசுவை மீட்பராக ஏற்க அவர்கள் இதயத்தை ஒளிர்விக்கச் சொல்கிறது. ஒரே சபை, ஒரே நாள், இரண்டு மன்றாட்டு. என் ஓட்டு 1970-க்கு.

படித்ததையெல்லாம் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். படைவீரர் விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார்: "அப்ப நாங்க அத்தனை வருசம் நின்னது எதுக்கு?"