அம்மாவுக்கு விலை கம்மி மாத்திரை வாங்கற பாவி

சனிக்கிழமை மெடிக்கல்ல நடந்த கூத்து உங்கள்ல பாதி பேருக்கு தெரியும், மீதி பேர் ஸ்டேட்டஸ் பாத்துட்டு போன் பண்ணிட்டீங்க, அதனால முழுசா திரும்ப சொல்லல. அம்மாவோட தும்மல் மாத்திரைய, அதே மருந்துல விலை கம்மியானதா குடுங்கன்னு கேட்டேன், அவ்ளோதான். பத்து பேர் நிக்கறப்ப கடைக்காரர் "அம்மாவுக்குத்தானே வாங்கற, இதுல போய் கணக்கு பாக்கறியே"ன்னாரு பாருங்க, அது மட்டும் காதுலயே நிக்குது. 15 வருஷமா அவர் கடைதான்.

நான் இன்னா தப்பா கேட்டுட்டேன்? மாண்டெலுகாஸ்ட் 10 மில்லிகிராம், லெவோசெட்ரிசின் 5, ரெண்டும் சேந்த அலர்ஜி மாத்திரை. பிராண்டுல பத்து மாத்திரை அட்டை 200 ரூபாய தாண்டுது, மாசத்துக்கு மூணு அட்டை. அதே ரெண்டு மருந்து, அதே அளவு, கவர்மெண்ட்டு மலிவு விலைக் கடை, மக்கள் மருந்தகத்துல, அதுல கால்வாசி கூட வராது. அதே மருந்துங்க. அட்டைதான் வேற.

"விலை கம்மின்னா தரம் இருக்காது"ன்னு இப்ப ஒருத்தர் கிளம்புவாரு. மாசாமாசம் தரமில்லாத மருந்துன்னு கவர்மெண்ட்டு லிஸ்ட் போடுதே, அதுல பெரிய கம்பெனி பேரும்தான் வருது. அதுவும் போக, நீங்க 200 குடுத்து வாங்கறதே பெரும்பாலும் ஜெனரிக்தான் சார், அதாவது முதல்ல கண்டுபிடிச்ச கம்பெனி இல்லாம மத்த கம்பெனி பண்ற அதே மருந்து, என்ன, பேர் வெச்ச ஜெனரிக்.

டாக்டரே வேணாம்னு சொல்லல. இதே மாண்டெலுகாஸ்டுக்கு மனநிலை பாதிக்கலாம்னு 2020ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ கடுமையா எச்சரிச்சிருக்கு, இஷ்டத்துக்கு முழுங்கற மாத்திரை இல்ல. எழுதறது டாக்டர்தான், பிராண்டு பேருக்கு பதிலா மருந்து பேர எழுதுங்கன்றேன், அவ்ளோதான். 2023 ஆகஸ்ட்ல ஜெனரிக் பேர்லதான், அதாவது மருந்து பேர்லதான் எழுதணும்னு தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டாந்துச்சு, அதே மாசமே நிறுத்தி வெச்சிட்டாங்க. மெடிக்கல்காரருக்கும் ஒரு நியாயம் இருக்கு, சீட்டுல எழுதின பிராண்ட மாத்திக் குடுக்க சட்டம் விடாது. சரி, "சட்டம் விடல தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயேன், என் அம்மா பாசத்த ஏன் நடுவுல இழுக்கற?

அம்மாவுக்கு இந்த தும்மல் எங்க ஆரம்பிச்சுது தெரியுமா, ராயபுரத்துல. ஹார்பர்ல கரி இறக்கின காலம், காலைல மாடியில காயப்போட்ட அப்பாவோட வெள்ளை வேட்டி சாயங்காலம் எடுக்கறப்ப சாம்பல் கலர்ல இருக்கும், அம்மா அத உதறி உதறி தும்மும், நாங்க எண்ணி சிரிப்போம், ஒரு தடவ 23 வரைக்கும் போச்சு. 2011ல கோர்ட்டு சொன்னப்புறம்தான் அங்க கரி இறக்கறது நின்னுச்சு. தும்மல் நிக்கல. தூசிய மட்டும் எங்களுக்கு ஃப்ரீயா குடுப்பீங்க, மருந்து கேட்டா பிராண்டு, அதுக்கு மேல பாசத்துக்கு சர்டிஃபிகேட் வேற. அண்ணா நகர்ல ஒருத்தர் ஜெனரிக் கேட்டா விவரமானவரு, தண்டையார்பேட்டையில கேட்டா கஞ்சனா?

மலிவு விலை கடைகள்ல எல்லா மருந்தும் எப்பவும் இருக்காதுன்னா, ஆமா, இருக்காது, நானும் வெறுங்கையோட திரும்பியிருக்கேன். அத கேளுங்க, சேந்து கேப்போம்.

வியாழக்கிழமை செக்கப். மருந்து பேர எழுதுங்கன்னு கேக்கப் போறேன். அம்மா இப்பவே சொல்லிடுச்சு, "டாக்டர் கோச்சிக்கப் போறாருடா, நீ வெளியவே நில்லு."