போகாமலே கண்டுபிடிக்கிற ஆட்கள்

ஒரு மரத்தை நாலு தரம் சுற்றிவந்து, ஐந்தாம் தரம் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறியவன் எழுதுகிறேன். நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை. ஷார்ஜாப் பக்கத்துப் பாலைவனத்தில் தனியாக நின்ற மரம் அது. எனக்கு அங்கே வேலை வைத்தது, வாழ்க்கையில் அந்த மரத்தைக் கண்ணாலும் காணாத சிலபேர்.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் ஒரு டப்பிக்குள் சின்னக் கொப்பியைப் போட்டு எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் ஜிபிஎஸ் ஆள்கூறுகளை வெளியிடுவார். மற்றவர்கள் தேடிப்போய்க் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு, டப்பியை இருந்த இடத்திலேயே வைக்கவேண்டும். பொதுமக்களின் ஜிபிஎஸ்ஸை வேண்டுமென்றே பிசக வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்தார். அதற்குள்ளும் ஒரு கொப்பி இருந்தது. உள்ளே இருக்கும் சாமானை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வை, கொப்பியில் எழுது. முதல் நாளிலிருந்து சட்டம் அவ்வளவுதான். இதைக்கூடச் செய்யமுடியாதென்றால் சும்மா வீட்டில் இருக்கலாமே ஐயா!

இதைக் கொழும்பிலேயே விளையாடலாமே என்று கேட்பீர்கள். வெள்ளவத்தையில் ஒரு தமிழன் பாலத்துக்குக் கீழே குனிந்து கையை விட்டு எதையோ துழாவினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆளில்லாத பெட்டி என்றாலே சனம் பத்தடி தள்ளித்தான் நடக்கும். அதனால் எனக்கு வாய்ப்பு வெளிநாட்டு வேலைப் பயணத்தில்தான்.

இந்த முறை அலுவலகம் இரண்டு கிழமைக்கு டுபாய் அனுப்பியது. அதில் உருப்படியாகக் கிடைத்தது ஒரேயொரு சனிக்கிழமை. மனைவி தந்த பட்டியலையும், மாமி சொல்லிவிட்ட குங்குமப்பூவையும் ஒதுக்கிவைத்துவிட்டு டாக்சி பிடித்தேன். போகவர எவ்வளவு ஆனது என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த மரத்தை அங்கே காஃப் என்கிறார்கள். அமீரகத்தின் தேசிய மரம். கிட்டப் போய்ப் பார்த்தால் நம்முடைய வன்னி. அஞ்ஞாதவாசம் போகுமுன் பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்தார்களே, அதே வன்னிதான். ஒரு வருடம் கழித்து அருச்சுனன் வந்தபோது காண்டீபம் வைத்த இடத்தில் இருந்தது. எனக்கு ஒரு பிலிம் றோல் டப்பி இல்லை.

ஜிபிஎஸ் நாலைந்து மீற்றர் பிசகும், அது சரி. டப்பியைத் தோண்டிப் புதைக்கக்கூடாது என்று விதி இருப்பதால் வேரிடுக்கு, மரப்பொந்து, கல்லுக்கு அடி என்றுதான் பார்க்கவேண்டும். தேளுக்குப் பயந்து தடியால் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒட்டகப் புழுக்கை கிடைத்தது. ஒரு போத்தல் மூடி கிடைத்தது. காருக்குள் இருந்த மலையாளி டிரைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கிவந்து, "சாவி போயிட்டதா சாரே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார். பாவம் அந்த மனுசன், முக்கால் மணித்தியாலம் அந்த வெயிலில் இல்லாத சாவியைத் தேடினார். நான் தேடுவது கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போவதற்கு முன், தேடிப்போனவர்கள் இணையத்தில் போட்ட பதிவுகளை நான் பார்க்காமல் இல்லை. கடைசி ஒன்பது பதிவும் 'கண்டுபிடித்தேன்'. "சுலபம்." "போனவுடன் கிடைத்தது." "அழகான இடம், நன்றி." அவற்றுக்குக் கீழே, ஒன்றரை வருடத்துக்கு முன், ஒரேயொரு நேர்மையான ஆள் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தார். ஒன்பது பேருக்குக் கிடைத்ததுதானே, இவருக்குக் கண் சரியில்லை என்று நினைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் நண்பரே.

நானும் 'கிடைக்கவில்லை' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, ஒளித்தவர் அடுத்த கிழமை நேரில் போய்ப் பார்த்தார். டப்பி இல்லை. எப்போது போனதென்று அவருக்கும் தெரியாது. தொடர்ந்து ஆட்கள் கண்டுபிடிக்கிறார்கள், எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். அவர் பிழை என்ன அதில்? தொலைந்தால் 'கிடைக்கவில்லை' என்று நாலு பேர் எழுதுவார்கள், உரியவர் போய்ப் புதிதாக வைப்பார், விளையாட்டு அப்படித்தான் ஓடவேண்டும். இந்தப் பொய்யர்கள் அந்த மணியையே அடிக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பூங்காவில் என்றால் பரவாயில்லை. பாலைவனத்தில் ஒருவன் தண்ணீரையும் பகலையும் கணக்குப் பார்த்துத்தான் தேடுகிறான். "சுலபம்" என்று நீ எழுதியதை நம்பித்தான் நான் இரண்டு போத்தலோடு போனேன்!

இத்தனைக்கும் என்ன லாபம்? வரைபடத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு மூஞ்சி. அவ்வளவுதான். காசில்லை, கோப்பையில்லை.

கொழும்பு திரும்பியதும் காலி வீதித் தேநீர்க் கடையில் வைத்து, இந்தப் பைத்தியத்தை எனக்குப் பழக்கிய கூட்டாளியிடம் குமுறினேன். அவன் வடையைக் கடித்தபடி போனை வாங்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"மச்சான், இதில் ஆறாவது ஆள் நான்தான்."

"எப்ப போனனி?"

"போகேல்லை. லண்டன் போகேக்கை டுபாயில் நாலு மணித்தியாலம் ட்ரான்சிட். டுபாய்தானே, கிட்டத்தானே எண்டு போட்டனான்."

"அப்ப 'அழகான இடம், நன்றி' எண்டு எழுதினது?"

"ஏயார்போட் வடிவாத்தானே இருந்தது."

எனக்கு வாயடைத்துப்போனது. நான் கோபப்பட்டதை அவன் கவலை என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டினான். அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறானாம், எனக்கும் சேர்த்து ஒன்று போட்டுவிடட்டுமா என்று கேட்கிறான். அன்றைக்குப் பிளேன்டீக்குக் காசு கொடுத்ததும் நான்தான்.