மீனுக்குப் பசிக்குதாம்!

அப்பாவுக்கு வாங்கிய வார மாத்திரை டப்பா ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. அப்பா அதைத் தொட்டதே இல்லை, மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் நடப்பார். இப்போது அந்த ஏழு அறையிலும் மீன் தீனி இருக்கிறது. அறைக்குக் கால் கிராம். நகைவேலை பார்க்கும் நண்பனின் பட்டறைத் தராசில் நிறுத்த அளவு. "கால் கிராம் தங்கம் நிறுத்திருக்கேன், கால் கிராம் மீன்தீனி இன்னைக்குத்தாம்ல நிறுக்கேன்" என்று அவன் சிரித்தான்.

இதை இப்போது எழுதக் காரணம், புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒரு தம்பி. "அண்ணே, மூணு நேரம் போட்டும் பசி அடங்கல்ல. ஆளைக் கண்டா கண்ணாடிக்கு ஓடி வருது" என்றார். தண்ணீர் எப்படி இருக்கிறது என்றேன். கொஞ்சம் கலங்கல், பாறையில் பச்சையாக முடி போலப் பாசி என்றார். மீன் செத்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தம்பி, ஓடி வருவது பசியால் அல்ல, பழக்கத்தால். க்ளவுன், டாம்சல் என்கிற சின்னக் கடல்மீன்கள் இரண்டும் கடலில் நாள் முழுக்க மிதக்கும் நுண்ணுயிர்களைக் கொத்திக்கொண்டே திரிகிற சாதி. அடுத்த வாய் எப்போது கிடைக்கும் என்று அங்கே உத்தரவாதம் இல்லை, அதனால் கண்டதை உடனே விழுங்கும். நம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி மாறுவதில்லை. மனிதத் தலை தெரிந்தால் தீனி விழும் என்று கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

தீனி டப்பாவில் "இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடவும்" என்று அச்சடித்திருப்பார்கள். இந்த வரியோடு எனக்கு நெடுநாள் சண்டை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவனிடம், இரண்டு நிமிடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் உன் தேவை என்று சொல்வது போல இருக்கிறது. ஒரு க்ளவுன் இரண்டு நிமிடத்தில் தன் தேவையைப் போல் பல மடங்கு உள்ளே தள்ளும். ஒரு பகுதி சரியாகச் செரிக்காமலே பின்னால் வரும். அளவை மீனின் வாயை வைத்து முடிவு செய்யாதீர்கள், தண்ணீரை வைத்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நல்ல தீனியில் நூற்றுக்கு நாற்பத்தைந்து புரதம் இருக்கும். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, ஒரு கிராம் தீனிக்குள் 72 மில்லிகிராம் நைட்ரஜன். என் தொட்டி 3 அடி நீளம், பாறை மணல் போக 170 லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்த ஒரு கிராம் அடியில் கிடந்து முழுதாக அழுகினால், அந்த நைட்ரஜன் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அம்மோனியாவாக மாறும், மீனுக்கு அது விஷம். இருக்க வேண்டியதோ பூஜ்யம். மூன்று விரலால் தாராளமாக ஒரு கிள்ளு எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு கிராம் வந்துவிடுகிறது, அதையும் தராசில் பார்த்துவிட்டேன். மூன்று நேரத்துக்கு மூன்று கிள்ளு. நம் வீட்டில் ஒருவரா போடுகிறோம்?

மீன் தின்றுவிட்டால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். தின்ற புரதத்தில் உடம்பில் ஒட்டாதது பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகத்தான் வெளியே வரும். நன்னீர்த் தொட்டியில் பழகியவர்கள் சறுக்குவதும் இங்கேதான். கடல்நீரின் பிஹெச் 8.2 பக்கம் நிற்கும். 7 பிஹெச் உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு பத்து மடங்குக்கு மேல். தங்கமீன் தாங்கியதை க்ளவுன் தாங்காது.

இதை நான் கற்றது படித்து அல்ல.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். நாகர்கோவில் பக்கம் எங்கள் தெருவில் மரமும் கம்பமும் சேர்ந்து சாய்ந்தன. கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் கடற்கரை ஊர்கள் கதறிக்கொண்டிருந்த நாட்களில் மீன்தொட்டியைப் பற்றிக் கவலைப்பட்டதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கவலைப்பட்டேன். இன்வர்ட்டர் முதல் ராத்திரியோடு நின்றது. அதன் பிறகு எட்டு நாள் கரண்ட் இல்லை. அதே வெப்பத்தில் நன்னீரை விடக் கடல்நீரில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கரையும். அதனால் செம்பில் மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றுவோம். அம்மா, நான், மயினி மூன்று பேரும் முறை வைத்து. தீனி மட்டும் சுத்தமாக நிறுத்தினேன், அது எப்படியோ அன்றைக்குத் தோன்றிய நல்ல புத்தி. எட்டு நாள் பட்டினி. ஐந்து மீனும் உயிரோடு இருந்தன.

கரண்ட் வந்தது. வீடே சிரித்தது. "பாவம்லா, எட்டு நாளா வாயில்லா ஜீவன் பட்டினி கெடந்துட்டு" என்று அம்மா சொல்ல, நான்தான் டப்பாவைத் திறந்தேன். ஒரு கிள்ளு. சாயங்காலம் இன்னொன்று. நான் பார்க்காதபோது அப்பாவும் போட்டிருக்கிறார். எட்டு நாள் ஓட்டம் இல்லாமல் நின்ற ஃபில்டருக்குள் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா மூச்சுமுட்டிப் பெரும்பாலும் செத்திருக்கும் என்று யாருக்கும் உறைக்கவில்லை. மறுநாள் காலையில் க்ளவுன் இரண்டும் மேல்மட்டத்தில் வேகவேகமாகச் செவுள் அடித்துக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் ஒன்று போனது, ராத்திரி மற்றது. புயலில் பிழைத்ததை விருந்து வைத்துக் கொன்றோம்.

அதற்குப் பிறகுதான் மாத்திரை டப்பா. அன்றைய அறை காலியாக இருந்தால் யாரோ போட்டாகிவிட்டது என்று அர்த்தம், பேச்சே கிடையாது. இப்போது இருக்கும் ஐந்து சின்ன மீனுக்கு நாளைக்குக் கால் கிராம், காலையில் பாதி, மாலையில் பாதி. ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் அதற்குப் பதிலாக உறைந்த மைசிஸ் (குட்டி இறால் போன்ற தீனி), கட்டியில் கால்வாசி. அதைத் தொட்டித் தண்ணீரில் கரையவிட்டு டீ வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைக் கீழே ஊற்றிவிடுவேன். பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் கொஞ்சம் அதோடு போகும். பம்பைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுப் போடுவேன், போனில் அலாரம் வைத்துக்கொண்டு. அலாரம் இல்லாமல் பம்பை மறந்து தூங்கிய கதை தனியாக இருக்கிறது, அது வேண்டாம்.

வடசேரி சந்தையில் வாங்கும் இறாலும் கணவாயும் பொடியாக அரிந்து போடலாம். சாளை (மத்தி) வேண்டாம். நமக்கு மரச்சீனிக் கிழங்கோடு அதைப் போல ஒன்று கிடையாது, ஆனால் அந்த எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாகப் பரவிக் காற்றை மறிக்கும். அம்மா இன்னும் ஏற்கவில்லை. "சாளை திங்காத மீன் என்ன மீனு?"

உடனே எல்லோரும் பட்டினி போடக் கிளம்பவும் வேண்டாம். மார்த்தாண்டத்தில் ஒரு நண்பர் ஆறடித் தொட்டியில் டாங் (tang) என்கிற பாசி தின்னும் மீன் வளர்க்கிறார். அது ஆடு மாதிரி, நாள் முழுக்க மேய வேண்டும். கடல்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி வைத்துவிடுவார். ஆந்தியாஸ் என்கிற மீன் வகைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை தேவை. மாண்டரின் மீனுக்கு உயிருள்ள நுண்ணிறால்கள் இல்லாவிட்டால் நீங்கள் எதைப் போட்டாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது, அதனால் புதியவர்கள் அதை வாங்கவே கூடாது என்பேன். வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகு கத்தி போல மெலிந்தால் அது நிஜமான பசி. அப்போது வேளையைக் கூட்டுங்கள், கிள்ளைப் பெரிதாக்காதீர்கள்.

தம்பி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு ஒன்றும் போடாதே, வளர்ந்த மீன் ஒருநாளில் சாகாது. அம்மோனியா டெஸ்ட் பண்ணு. பூஜ்யமாக இல்லாவிட்டால் அன்றைக்கே கால்வாசித் தண்ணீர் மாற்று. முட்டத்துப் பாறையில் போய் மொண்டு வருவதாக இருந்தால் மழைக் கலங்கல் இல்லாத நாளாகப் பார். மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பொழிமுகப் பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு குறைந்திருக்கும். பிறகு நைட்ரேட் (அம்மோனியா கடைசியில் மாறித் தண்ணீரில் சேர்வது) எண்ணையும் தொட்டியின் லிட்டரையும் சொல். அளவை அதற்கப்புறம் பேசுவோம்.