கிரீன்விச் கோடும் பூமியின் சுழற்சியும்: ஒரு திருத்தம்

"பூமி சரியாக 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது; லண்டனின் கிரீன்விச் வானாய்வகத்தில் பூஜ்யத் தீர்க்கரேகையாகப் பதித்திருக்கும் உலோகக் கோட்டை வைத்தே அதை இன்றும் அளக்கிறார்கள்" என்று சொல்வதில் இரண்டு கூற்றுகளுமே தவறானவை. 24 மணி என்பது சூரியனை வைத்துக் கணக்கிட்ட சராசரி நாள். அதற்குள் பூமி தன் பாதையில் நகர்ந்துவிடுவதால், சூரியனை மீண்டும் நேர்கொள்ள ஏறத்தாழ ஒரு பாகை கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. தொலைதூர விண்மீன்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான் ஆகிறது.

கிரீன்விச் கோட்டின் மேல் ஜி.பி.எஸ். கருவியுடன் நின்றால், அது பூஜ்யத்தைக் காட்டாமல் மேற்கே 5.3 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்று காட்டும்; பூஜ்யத்தைக் காண ஏறத்தாழ 102 மீட்டர் கிழக்கே நடந்து பூங்காவுக்குள் செல்ல வேண்டும். அந்தக் கோட்டை வரையறுத்த, வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் (George Airy) தொலைநோக்கி அந்த இடத்து ஈர்ப்புத் திசையை நம்பி நிறுத்தப்பட்டது என்பதும், அந்தத் திசை பூமியின் மையத்தை நோக்கிச் செல்லும் கோட்டிலிருந்து சற்றே விலகியிருக்கிறது என்பதுமே இதற்குக் காரணம்.

சுழற்சியை அளக்க விண்ணில் நிலையான குறி வேண்டும். ஆனால் மேஷாதிப் புள்ளியும் (வசந்த சம இரவு நாளில் சூரியன் இருக்கும் இடம்) நிலையான குறியாகாது; ஆண்டுக்குச் சுமார் 50 விகலை அது நகர்கிறது. அதனால்தான் 2019 முதல் நடைமுறையில் உள்ள மூன்றாவது பன்னாட்டு வான் சட்டகம் (விண்ணில் திசைகளைக் குறிக்கும் பொது அளவுச் சட்டம்), குவேசார் எனப்படும் மிக ஒளிமிக்க விண்மீன் மண்டல மையங்கள் போன்ற 303 தொலைதூர வானொலி மூலங்களை நிலைக்குறிகளாகக் கொண்டிருக்கிறது. கண்டங்கள் கடந்து நிற்கும் வானொலித் தொலைநோக்கிகளுக்கு அவற்றின் அலை வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்தே பூமியின் சுழற்சிக் கோணத்தைக் கணிக்கிறார்கள்.