யாரைக் கேட்டார்கள், எதைக் கேட்டார்கள்?

பிரெக்ஸிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது பற்றிப் பேச்சு வந்தாலே பலரும் வெளியேற 52 விழுக்காடு, இருக்க 48 விழுக்காடு என்ற ஓட்டுக் கணக்கைச் சொல்லிவிட்டு, "மக்கள் முடிவு பண்ணிட்டாங்க, அப்புறம் என்ன" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இந்த நாடு இரண்டு பட்டதற்கு மக்கள் காரணமில்லை. யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்ற இரண்டையுமே ஒழுங்காக யோசிக்காமல் 2016 ஜூன் 23 அன்று வாக்குச்சீட்டை நீட்டிய அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன் அரசுதான் காரணம். மறுநாள் காலையிலேயே அவர் பதவி விலகலை அறிவித்துவிட்டார். விளைவை அனுபவித்தது மற்றவர்கள்.

முதலில் யாரைக் கேட்டார்கள் என்பதைச் சொல்கிறேன். அந்த வாக்கெடுப்பில் எனக்கு ஓட்டு இருந்தது. கையில் இந்திய பாஸ்போர்ட், அதில் வேலை விசா, அவ்வளவுதான். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் சட்டப்படி பிரிட்டனில் குடியிருந்தால் போதும், ஓட்டுப் போடலாம். என்னோடு வேலை பார்த்த போலந்துப் பெண்ணுக்கு ஓட்டு இல்லை. அவர் எனக்கு வெகுகாலம் முன்பே வந்து வரி கட்டிக்கொண்டிருந்தவர், பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். நான் ஓட்டுப் போடப் போன நேரத்தில் என் ஷிப்டைப் பார்த்துக்கொண்டது அவர்தான். அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் மூன்றையும் விட்டால் வேறு எந்த ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமகனுக்கும் அன்றைக்கு ஓட்டுக் கிடையாது. ஒன்றிய நாடுகளிலிருந்து வந்து இங்கே வாழ்ந்தவர்கள் குழந்தைகளையும் சேர்த்து சுமார் 30 லட்சம் பேர். இரு தரப்புக்கும் இடையே இருந்த வித்தியாசமோ சுமார் 12.7 லட்சம் ஓட்டு. நாட்டை விட்டுப் போய் 15 ஆண்டுக்கு மேலான பிரிட்டிஷ்காரர்களுக்கும் அன்றைக்கு ஓட்டு இல்லை. ஸ்பெயினில் குடியேறி, அங்கே வாழும் உரிமையே இந்த முடிவைப் பொறுத்திருந்த வயதானவர்கள் எத்தனையோ பேர் அதில் அடக்கம்.

"எந்த நாடு வெளிநாட்டவருக்கு ஓட்டுக் கொடுக்கும்?" என்று கேட்பார்கள். எனக்குக் கொடுத்தார்களே! பேரரசு காலத்து உறவை வைத்து எனக்கு ஒரு ஓட்டு, இந்த முடிவால் வாழ்க்கையே ஆட்டம் காணப்போகிறவருக்கு ஒன்றுமில்லை. இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

நம் ஆட்களுக்குள்ளேயே இது எப்படிப் புகுந்தது என்பதற்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று உண்டு. அண்ணன் போர்க்காலத்தில் பாரிஸ் போய், பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்திலிருந்து இப்படி வந்த ஈழத்தமிழர்கள் நிறைய. தம்பி நேரே லண்டன் வந்தவர், அப்போது இலங்கை பாஸ்போர்ட்தான், இலங்கையும் காமன்வெல்த் நாடு. ஆக, தம்பிக்கு ஓட்டு உண்டு, அண்ணனுக்கு இல்லை. தம்பி போட்டது வெளியேறும் பக்கம். அவர் சொன்ன காரணம் இன்னும் காதில் இருக்கிறது: "போலந்துக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குறான், என்ர அம்மாவை நான் இஞ்ச கூப்பிட ஏலாமல் கிடக்கு."

அவர் சொன்னது பொய்யில்லை. 2012-இல் விதிகளை இறுக்கிய பிறகு வயதான பெற்றோரை நிரந்தரமாக அழைத்துவருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். மனைவியை அழைத்துவரவே ஆண்டுக்கு 18,600 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் அந்த விதிகள் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் எழுதப்பட்டவை அல்ல, லண்டனில் உள்துறை அமைச்சகம் எழுதியவை. ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் காமன்வெல்த் நாட்டவருக்குக் கதவு திறக்கும் என்று சொல்லித்தான் நம் ஆட்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். வெளியேறியும் ஆயிற்று. அந்த 18,600 பவுண்ட் 2024 ஏப்ரலில் 29,000 ஆனது. பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்று அதே ஆண்டு மார்ச்சில் விதி வந்தது. அந்த அம்மா இன்னும் சாவகச்சேரியில்தான் இருக்கிறார். அண்ணன் குடும்பம் 2021 ஜூன் 30 கெடுவுக்குள் விண்ணப்பம் போட்டு, இங்கேயே தங்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. கையில் கொடுக்க ஒரு அட்டைகூட இல்லை, எல்லாம் இணையத்தில். வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் கேட்டால் ஒரு குறியீட்டு எண்ணை எடுத்துக் கொடுக்க வேண்டும். தம்பி மேல் அண்ணனுக்குக் கோபம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

சரி, எதைக் கேட்டார்கள்? இருப்பதா, வெளியேறுவதா என்பது மட்டும்தான் கேள்வி. வெளியேறி எங்கே போவது என்று சீட்டில் ஒரு வரிகூட இல்லை. நார்வே மாதிரி ஒன்றியத்துக்கு வெளியே நின்று ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாம், துருக்கி மாதிரி சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருக்கலாம், கனடா மாதிரி வெறும் வர்த்தக ஒப்பந்தத்தோடு நிற்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இத்தனை பேர் ஆசைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி 52 என்று எண்ணினார்கள். அதன் பலனை 2019-இல் பார்த்தோம். கேமரூனுக்குப் பின் பிரதமரான தெரசா மேயின் வெளியேறும் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் ஜனவரி 15 அன்று 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது, பிறகு இன்னும் இரண்டு முறை தோற்றது. சரி, நாமே வழி கண்டுபிடிப்போம் என்று மார்ச் 27 அன்று எம்.பி.க்கள் எட்டு யோசனைகளை வாக்குக்கு விட்டார்கள். எட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. முழுநேரமும் இதே வேலையாக இருந்தவர்களுக்கே மூன்று வருடத்தில் விடை கிடைக்காத கேள்வியை, இருப்பதா வெளியேறுவதா என்று ஒரு பெட்டியில் குறியிடச் சொல்லி மக்களிடம் தள்ளிவிட்டது பொறுப்பான செயலா? ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தோடு வட அயர்லாந்துக்கு உள்ள சுமார் 500 கிலோமீட்டர் எல்லையை என்ன செய்வது என்பதெல்லாம் இங்கிலாந்துப் பிரசாரத்தில் பேச்சுக்கே அதிகம் வரவில்லை. வாரம்தோறும் ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம் என்று வெளியேறும் தரப்பு தன் பிரசாரப் பேருந்தில் எழுதிய 35 கோடி பவுண்ட்தான் எல்லார் கண்ணிலும் பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என்னைப் போல ஒன்றியத்தில் இருக்க ஓட்டுப் போட்டவர்களுக்குப் பிடிக்காது. வெளியேற ஓட்டுப் போட்டவர்களைப் படிக்காதவர்கள், முட்டாள்கள் என்று பேசியது பெரிய அநியாயம். வேல்ஸில் எபு வேல் என்ற ஊர். 2002-இல் உருக்காலை மூடப்பட்டது. ஒன்றியத்துப் பணத்தில் அங்கே கல்லூரி வந்தது, சாலை வந்தது. அந்த வட்டாரத்தில் 62 விழுக்காடு பேர் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டார்கள். "நன்றி கெட்டவர்கள்" என்றார்கள் லண்டனில். கட்டடத்துக்கு வெளியே ஐரோப்பியக் கொடியோடு பலகை வைத்தால் அப்பா பார்த்த வேலை மகனுக்கு வந்துவிடுமா? அவர்கள் கோபம் உண்மையானது. அந்தக் கோபத்தைக் கேட்க வந்த முதல் சீட்டில் ஐரோப்பா என்று எழுதியிருந்தது, அதில் காட்டினார்கள்.

குடியேற்றம் குறையும் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்களுக்கும் ஏமாற்றம்தான். 2023 வாக்கில் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த கணக்கு) ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது, வாக்கெடுப்புக்கு முந்தைய அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எந்தப் பக்கம் நின்றவரும் கேட்டதைப் பெறவில்லை, பகை மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது மறுபடியும் ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற பேச்சு கேட்கிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அதே மாதிரி இன்னொரு சீட்டை நீட்டினால் நான் எதிர்ப்பேன். என்ன நிபந்தனை, என்ன செலவு, எல்லையில் என்ன நடக்கும் என்று முழு ஒப்பந்தத்தையும் எழுதி முடித்து, அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுக் கேளுங்கள். இங்கே வாழ்கிற எல்லாரையும் கேளுங்கள். ஸ்காட்லாந்து 2020-லேயே, சட்டப்படி அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்கும் தன் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுக் கொடுத்துவிட்டது. ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அந்த அண்ணனுக்குப் பொதுத் தேர்தலில் இன்னும் ஓட்டு இல்லை.