வெட்டிய கால்வாய் அல்ல, ஆறுதான்

"லாஸ் ஏஞ்சலஸ் ஆறு ஆறே அல்ல, மழைநீர் வடிய வெட்டிய கான்கிரீட் சாக்கடை, சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு வெறும் பாலைவனமாக இருந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (அந்த ஆறு தொடங்கும் பள்ளத்தாக்கு அது; இன்று அதன் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள்.) கான்கிரீட் உண்மை. மற்றது தவறு.

1781-ல் ஸ்பானியர் ஊரை நிறுவியதே இந்த ஆற்றை நம்பித்தான். வடக்கே தொலைவிலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீர் 1913-ல்தான் வந்து சேர்ந்தது. அதுவரை நகரம் குடித்தது பெரும்பாலும் இந்த ஆற்று நீரையே. சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 1915-ல் நகரத்தோடு இணைந்ததும் அந்த ஓவன்ஸ் நீருக்காகத்தான். இந்தக் கதையின் பாதியைக் கேட்டுத்தான் "பாலைவனம்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள் போலும்.

சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் கனோகா பார்க் பகுதியில் ஒரு பள்ளியை ஒட்டி பெல் ஓடையும் கலபசாஸ் ஓடையும் கூடுகின்றன. ஆறு அங்கேதான் தொடங்குகிறது. இன்று இரண்டும் சரிந்த கான்கிரீட் சுவர்களுக்கிடையே வந்து, கூர்முனையான ஒரு திட்டைத் தாண்டி ஒன்றாகின்றன. பார்த்தால் சாக்கடை என்றுதான் தோன்றும், அதை மறுக்கவில்லை. ஆனால் 1938 வெள்ளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்த பிறகே ராணுவப் பொறியாளர்கள் ஆற்றின் பெரும்பகுதியைக் கான்கிரீட்டுக்குள் அடைத்தார்கள்.

கிளெண்டேல் குறுகல் என்ற ஆற்றுப் பகுதியில் நிலத்தடி நீர் மேலே பொங்குவதால் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட முடியவில்லை. அங்கே வில்லோ மரங்களும் நாரைகளும் இருக்கின்றன. கோடையில் ஓடுவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர் என்று அவர் சொல்லியிருந்தால், நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.